ஒற்றை ரிங்

பேரில் வீரமும் இருக்கிறது, சிங்கமும் இருக்கிறது. ஆனால் மூங்கிலடித் தோட்டத்து வீரசிங்கத்தைப் போல ஒரு பயந்த மனுஷனைப் பல்லேபொல ரோட்டு நெடுகத் தேடினாலும் பிடிக்க முடியாது. கங்காணி முறைத்தால் பயம். கணக்கப்பிள்ளை சிரித்தால் அதைவிடப் பயம். கராம்பு காயப்போடும் களத்துக்குத் துரை அவரைப் போட்டதே இந்தப் பயத்துக்காகத்தான் என்று லயத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். வானத்தில் உள்ளங்கை அகலம் மேகம் கறுத்தால் போதும், மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள் வீரசிங்கம் நாலு பாயைச் சுருட்டி ஸ்டோருக்குள் கொண்டுபோயிருப்பார். அவர் பார்த்த பத்து வருஷத்தில் ஒரு கைப்பிடி கராம்புகூட மழையில் நனைந்ததில்லை.

பயந்தவனுக்கு ஒரு ரகசியம் கிடைத்தால் எப்படியிருக்கும்? மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டவன் கதைதான். அவருக்குக் கிடைத்த ரகசியத்தின் பேர் பாலாமணி, கூடப்பிறந்த ஒரே தங்கச்சி.

பாலாமணியைக் கட்டியவன் லொறியில் கிளீனராக ஊர் ஊராகப் போய்வந்தவன். ஆறு மாதம் காய்ச்சலில் கிடந்து எலும்பும் தோலுமாகச் செத்தான். காரியம் முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள் மூன்றாம் மாதமே இருமத் தொடங்கினாள். மாத்தளை ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் தடவையும் எடுத்தார்கள். பிறகு ஒரு சின்ன அறைக்குள் அண்ணனையும் தங்கச்சியையும் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, எச்.ஐ.வி. என்று சொன்னார்கள்.

சொன்னவள் றஸ்மியா. அந்தக் கிளினிக்கில் வேலை பார்க்கும் நர்ஸ், முப்பது வயது இருக்கும், தலையில் முக்காடு. சொல்லிவிட்டு அவள் எழுந்து போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரமாகியிருந்தது. தன் சோற்றுப் பார்சலைப் பிரித்து, பாலாமணியின் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க, நானும் சாப்பிடல்ல" என்று அதே இலையில் தானும் கையை வைத்தாள். வீட்டுக்கு வந்து பாலாமணி அதை மட்டும்தான் வாய் ஓயாமல் சொன்னாள்.

"ஒரே பார்சல்ல மதினி! அவங்க கை இந்தப் பக்கம், என் கை அந்தப் பக்கம்."

வீரசிங்கத்தின் பெண்சாதி கிருஷ்ணம்மாவுக்கு இதில் என்ன அதிசயம் என்று விளங்கவில்லை. விளங்க நியாயமுமில்லை. அவளிடம் சொல்லியிருந்தது காச நோய் என்று. "நெஞ்சுல சளி கட்டியிருக்காம், வருஷக்கணக்கா மாத்திரை திங்கணுமாம்" என்று வீரசிங்கம் பாதையிலேயே சோடித்துக்கொண்டு வந்த கதை அது. வீட்டில் கலியாண வயதில் மூத்தவள் இருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது அவர் கணக்கு. லயம் என்றால் பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே கூரை. ஒரு காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் கேட்கும்.

மாத்திரை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும்முன் ரொட்டியோடு விழுங்கிவிடுவாள். பின்னேரம்தான் தகராறு. நாள் பூராவும் ஏணியில் நின்று கராம்பு பறித்துவிட்டு வந்து, பூவைக் காம்பிலிருந்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பிரித்து, கை எரிச்சலோடு சுவரில் சாய்ந்தாளென்றால் சாய்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவாள். முதல் இரண்டு மாதத்தில் பதினொரு மாத்திரை மிச்சம். அதைப் பார்த்துவிட்டு றஸ்மியா யோசித்தாள்.

"அண்ணன், உங்கட வீட்டுல போன் இரிக்கா?"

"இருக்கு மிஸ். ஆனா வாசப்பக்கம் இஸ்தோப்புச் சுவத்துல ஒரு ஆணி இருக்கு, அதுல மாட்டுனாத்தான் சிக்னல் வரும்."

"அது போதும். பின்னேரம் ஏழு மணிக்கு நான் ஒரு ரிங் குடுப்பேன். எடுக்க வாணாம். தங்கச்சி மாத்திரைய முழுங்கிட்டு, அவவே எனக்கு ஒரு ரிங் அடிச்சிட்டுக் கட் பண்ணட்டும். ஒரு ரிங்னா முழுங்கியாச்சி. அடுத்தடுத்து ரெண்டு தரம் அடிச்சா ஏதோ கரைச்சல் இரிக்கி. நான் உடனே திருப்பிக் கோல் எடுப்பேன். தேவைன்டா வந்திருவேன்."

"லயத்துக்கா மிஸ்?" என்றார் வீரசிங்கம்.

"லயத்துக்குத்தான். ஏன், நான் மலை ஏற மாட்டனா?"

"ரிங்கே வரலைன்னா?"

"மறுநாளே வந்து நிப்பேன்" என்று சிரித்தாள்.

பாலாமணியும் சிரித்தாள். வீரசிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி ஜீப் லயத்து வாசலில் வந்து நிற்பதை அவர் அந்தக் கணமே மனதில் பார்த்துவிட்டார்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வேலை செய்தது அந்த ஏற்பாடு. ஏழு மணிக்கு ஆணியில் தொங்கும் போன் ஒரு தடவை அலறி நிற்கும். பாலாமணி எங்கிருந்தாலும் எழுந்து வருவாள். மாத்திரையைப் போட்டு, கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்து, போனைக் கழற்றாமலே பச்சைப் பொத்தானை அழுத்திக் காதைக் கொடுப்பாள். அந்தப் பக்கம் ஒரு மணி போனதும் கட். "மிஸ்சுக்குச் சொல்லியாச்சி" என்பாள், யாரோடோ உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தவளைப் போல. ஒன்றரை வருஷத்தில் இருமல் போயிற்று, கன்னத்தில் சதை போட்டது, பிரட்டில் ஒரு நாள் பேர் விழாமல் இருந்ததில்லை. றஸ்மியா ஒரு கொப்பியில் நாளுக்கொரு சரி போட்டு வைத்திருந்தாள். கிளினிக் நாளில் அதைக் காட்டி, "பாருங்க, ஒரு ஓட்டை இல்ல. டொக்டர்கிட்ட உங்களத்தான் காட்டுவேன்" என்றபோது பாலாமணி பத்தாம் வகுப்புப் பாஸான பிள்ளையைப் போல வெட்கப்பட்டாள்.

சிம் வீரசிங்கத்தின் பேரில் இருந்தது. பாலாமணிக்கு அடையாள அட்டை கிடையாது. எழுபத்தேழுக் கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தபோது பிறப்புப் பத்திரம் போனது போனதுதான். இப்போது வன்னியில் சண்டை முற்றிப்போய், ரோட்டில் தமிழனைக் கண்டால் நிறுத்தித் துருவுகிற காலம். யார் பேரில் சிம்மோ அவர் கையில்தான் போன் இருக்கவேண்டும் என்று வேறு ஒரு சட்டம் வந்திருந்தது. அதனால் பகலில் போன் வீரசிங்கத்தின் சட்டைப் பையில், பின்னேரம் ஆணியில்.

2009 பங்குனியில் அப்படியொரு வெயில். கராம்பு நாலே நாளில் காய்ந்து, ஒடித்தால் சட்டென்று ஒடிந்தது. வெயிலோடு கீழ் லயத்தில் அம்மை நோயாக அம்மாவும் இறங்கினாள். ஒரு வீட்டில் பிள்ளைக்கு, பிறகு பக்கத்து வீட்டில், பிறகு நாலு வீட்டில். கதவு தோறும் வேப்பிலை தொங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை பாலாமணி காய்ச்சலோடு வேலையிலிருந்து வந்தாள். சனிக்கிழமை விடியும்போது நெற்றியிலும் கழுத்திலும் நீர் கோத்த முத்துகள்.

கிருஷ்ணம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோயில் பூசாரி அழகையா வந்து எட்ட நின்று பார்த்துவிட்டு, "பெரியவங்க உடம்புல ஆத்தா கொஞ்சம் உக்கிரமாத்தான் வெளயாடுவா. ஒம்பதாம் நாள் தலைக்குத் தண்ணி ஊத்தலாம். அது வரைக்கும் தாளிக்கக் கூடாது, அசலாள் உள்ள வரக் கூடாது, வீட்டுல பொய் புரட்டு கூடாது, இங்கிலீஷ் மருந்து வாசனையே ஆகாது" என்றார். உள் காம்பராவில் பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, வேப்பங்குழையைப் பரப்பி, அதன்மேல் பாலாமணியைப் படுக்கவைத்தார்கள்.

அன்று பின்னேரம் ஏழு மணிக்குப் போன் அடித்து நின்றது.

"அண்ணே, மிஸ்சு" என்றாள் பாலாமணி திரைக்கு உள்ளேயிருந்து.

"கேக்குது புள்ள."

"நான் போனத் தொடக்கூடாது. நீ ரெண்டு ரிங் குடுண்ணே. அம்மா போட்டிருக்கு, மாத்திரைய முழுங்கவா, நிப்பாட்டவான்னு கேளு. அவங்க சொல்றபடி செய்றேன்."

கிருஷ்ணம்மா வேப்பங்குழையால் விசிறிக்கொண்டிருந்தாள். "என்னத்தக் கேக்குறது? ஆத்தா குடியிருக்கிற உடம்புல மருந்த ஊத்துனா கண்ணப் புடுங்கிட்டுல்ல போவா! காச மாத்திரைய ஒம்பது நாள் திங்காட்டி என்னா கொறஞ்சிறும்? நான் பாத்துக்கிறேன் பாலா, நீ பேசாமப் படு."

"மிஸ்சு சொன்னா ஆத்தாகூடக் கோவிக்க மாட்டா மதினி."

வீரசிங்கம் ஆணியில் தொங்கிய போனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு ரிங் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். றஸ்மியா கோல் எடுப்பாள். அம்மா என்றதும் ஜீப்பைப் போட்டுக்கொண்டு வருவாள். காய்ச்சலுக்கு எட்டிப் பார்க்காத ஆஸ்பத்திரி, அம்மா போட்டதற்கு மாத்தளையிலிருந்து நர்ஸை அனுப்புகிறதே, என்ன சங்கதி என்று பன்னிரண்டு காம்பராவும் கேட்கும். நாவுலையிலிருந்து சித்திரை வருஷப்பிறப்புக்கு மூத்தவளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பையன் மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிறான், நல்ல இடம். ரிங்கே கொடுக்காவிட்டால் நாளைக்கே வந்து நிற்பாள். ஆகையால் ஒன்று. ஒரே ஒரு ரிங். ஒன்பது நாள்தானே, ஓடிப்போகும்.

அம்மா வந்த வீட்டில் பொய் சொல்லக்கூடாதுதான். ஆனால் வாயைத் திறந்தால்தானே பொய்? போன் மணி அடிப்பதற்கு வாயும் இல்லை, நாக்கும் இல்லை. பயந்தவனுக்கு இப்படியெல்லாம் சட்டம் பேசத் தெரியும். பச்சைப் பொத்தானை அழுத்தினார். அந்தப் பக்கம் ஒரு மணி போனது. கட் பண்ணினார்.

"குடுத்தியாண்ணே?"

"குடுத்துட்டேன்."

அவர் கொடுத்த ரிங்கின் எண்ணிக்கை உள்ளே படுத்திருப்பவளுக்குக் கேட்காது. அது மாத்தளையில் றஸ்மியாவின் வீட்டில் மட்டும்தான் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை முத்துகள் முகம் நிறையப் போட்டிருந்தன. கிருஷ்ணம்மா இரவும் பகலும் அந்தத் திரைக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். இளநீரைக் கரண்டியால் ஊற்றினாள். கேப்பைக் கூழை ஆற்றி ஊட்டினாள். அரிப்பு தாங்காமல் பாலாமணி நெளியும்போது வேப்பிலைக் கொழுந்தால் மெல்ல நீவிவிட்டு, "தாயே, இறங்கு தாயே, எம்புள்ள தாங்க மாட்டா" என்று முணுமுணுத்தாள். பெற்ற மகளுக்குக்கூட அவள் அப்படிச் செய்து வீரசிங்கம் பார்த்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இன்னொரு பயம் வந்தது. இவளுக்கு உண்மை தெரிந்தால் இந்தக் கை அப்படியே நின்றுவிடுமோ என்ற பயம்.

"மிஸ்சு என்னண்ணே சொன்னாங்க?" என்றாள் பாலாமணி ஏழு மணி ரிங்குக்குப் பிறகு.

"இன்னும் கோல் எடுக்கல புள்ள. லீவு நாளுதானே, வேலையா இருப்பாங்க."

இது வாயால் சொன்ன பொய். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"எடுப்பாங்க" என்றாள் அவள். "அவங்க அப்படியெல்லாம் விட மாட்டாங்க."

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் திடீரென்று மேகம் கட்டியது. வீரசிங்கம் களத்தில்தான் நின்றார். ஆனால் நினைப்பு லயத்தில் இருந்தது. முதல் சொட்டு மொட்டைத் தலையில் விழுந்த பிறகுதான் ஓடத் தொடங்கினார். ஆறு பாய் கராம்பு நனைந்துபோயிற்று. கணக்கப்பிள்ளை வந்து, "என்னா வீரசிங்கம், பகல்லயே தூக்கமா?" என்று கேட்டார். வீரசிங்கம் நனைந்த கராம்பைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். வெறும் பயந்தாங்கொள்ளி என்றாலும் வேலையில் சுத்தமானவர் என்று பேர் இருந்தது. அந்தப் பேரும் அன்றைக்கு நனைந்தது.

பின்னேரம் மூன்றாவது ரிங்கும் போயிற்று.

"இன்னிக்காவது எடுத்தாங்களா?"

"இல்ல புள்ள."

"அப்ப நேரா வருவாங்க. மலை ஏறுவேன்னு சொன்னவங்கதானே. மதினி, மிஸ்சு வந்தா அசலாள்னு வாசல்ல நிப்பாட்டிறாதீங்க. தேத்தண்ணி ஊத்திக் குடுங்க."

"ஆத்தா இருக்கிற வீட்டுல தேத்தண்ணி எப்படிக் குடுக்குறது? எளநி வெட்டிக் குடுக்குறேன்" என்றாள் கிருஷ்ணம்மா.

செவ்வாய்க்கிழமை பாலாமணிக்குக் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. தொண்டைக்குள்ளும் முத்து போட்டிருந்ததால் குரல் கரகரத்தது. போன் அடித்தது, வீரசிங்கம் ஒற்றை ரிங் கொடுத்தார். உள்ளேயிருந்து கேள்வி வரவில்லை. அதுதான் அவரைத் திரைக்குப் பக்கத்தில் போய் உட்காரவைத்தது. கிருஷ்ணம்மா குசினியில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பாலா."

"ம்."

"என்ன புள்ள பேசாம இருக்க?"

பாலாமணி சொன்னாள். "அவங்களுக்கும் அருவருப்பு வந்திருச்சிண்ணே. ஏற்கெனவே அந்த நோவு. இப்ப இதுவும். யாருக்குத்தான் கிட்ட வர மனசு வரும்?"

"அப்படியெல்லாம் இல்ல புள்ள."

"பரவாயில்லண்ணே. அவங்களும் மனுசிதானே. ஒரே எலைல சாப்பிட்டாங்க, இத்தன நாளு ரிங் குடுத்தாங்க. அதுவே பெருசு. நீ இனிமே ரெண்டு ரிங் குடுத்து அவங்களத் தொந்தரவு பண்ணாத."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், 'புள்ள, தப்பு அவங்க மேல இல்ல, என் மேல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்க இருந்தது அவள் ஒருத்திதான். திரையை விலக்கக் கையை நீட்டினார். அதற்குள் கிருஷ்ணம்மா கூழ்ச் சட்டியோடு உள்ளே வந்தாள். வீரசிங்கம் எழுந்து வழிவிட்டார். பிறகு எத்தனையோ தடவை அவர் அந்த நிமிஷத்துக்குத் திரும்பிப்போய் நின்று பார்த்திருக்கிறார். கூழ் இன்னும் கொஞ்சம் மெதுவாகக் கொதித்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்திருக்கிறார்.

புதன்கிழமை பொழுது விடிந்ததும் கிருஷ்ணம்மா அவரை உலுக்கினாள்.

"இந்தாங்க, எந்திரிங்க. பாலாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. ஒதடெல்லாம் நீலம் பூத்துக்கெடக்கு. ஆத்தா போடுறப்போ இப்படி இழுத்து நான் பாத்ததில்ல."

அவர் உள்ளே போய்ப் பார்த்தார். நெஞ்சு துருத்தி போலத் தூக்கித் தூக்கிப் போட்டது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. அதற்குமேல் ஜீப்பாவது, நாவுலையாவது! இஸ்தோப்புக்கு ஓடி ஆணியில் போனை மாட்டி, இரண்டு தரம் அடித்தார்.

ஒரு நிமிஷம் ஆகவில்லை. போன் அடித்தது.

"என்ன அண்ணன்? ஏன் ரெண்டு ரிங்?"

"மிஸ்... தங்கச்சிக்கு அம்மா போட்டிருக்கு. மூச்சு வாங்குது மிஸ், பேச்சு இல்ல."

"யா அல்லாஹ்! எப்ப இருந்து?"

"நேத்து... நேத்துலருந்து மிஸ்."

"நேத்தா? மாத்திரை ராத்திரி முழுங்கியாச்சிதானே? ரிங் வந்திச்சே. சரி, கதைக்க நேரமில்ல. நான் வந்து கூட்டிப்போற வரைக்கும் தாங்காது. த்ரீவீல் ஒன்ட புடிச்சி நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் வாசல்ல நிக்கிறேன். சுணங்க வாணாம்."

அந்த அவசரத்திலும் நாலு நாளை ஒரு நாளாகக் குறைத்துச் சொல்ல வாய் வந்ததே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ரோட்டுக் கடைச் சந்தியில் லாபிருடைய த்ரீவீல் நின்றது. அம்மா போட்டவள் என்று தெரிந்தும் லாபிர் ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்டில் துணி விரித்து ஏற்றிக்கொண்டான். பாதி வழியில் ஆமிக்காரன் கையைக் காட்டி நிறுத்தி, அடையாள அட்டை கேட்டான். வீரசிங்கம் தன்னுடையதை நீட்டினார். "இவளுடையது?" என்று சிங்களத்தில் கேட்டுக் குனிந்தவன், கிருஷ்ணம்மாவின் மடியில் கிடந்த முகத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னுக்குப் போனான். "தெய்யன்கே லெடே" என்று சொல்லிக் கும்பிட்டான். பிறகு அவனே ஓடிப்போய்ப் பாதையை மறித்த தடியை நகர்த்தினான். தெய்வத்தின் நோய் என்று அவனுக்கும் பயம் இருந்தது. வீரசிங்கம் இத்தனை நாள் எந்தச் சோதனைச் சாவடிக்குப் பயந்தாரோ அது நொடியில் திறந்துகொண்டது.

றஸ்மியா சொன்னபடி வாசலில் நின்றாள். த்ரீவீல் நிற்கும்முன்பே உள்ளே குனிந்து பாலாமணியின் கையைப் பிடித்தாள். "பாலா, இங்கப் பாருங்க, நான் றஸ்மியா. வந்திட்டேன் பாலா" என்று ஸ்ட்ரெச்சரோடு ஓடிக்கொண்டே கூப்பிட்டாள். வீங்கி மூடிய கண்கள் திறக்கவில்லை. கை மட்டும் அசைந்தது போலிருந்தது என்று கிருஷ்ணம்மா பிறகு சொன்னாள். வீரசிங்கத்துக்கு அது நம்பிக்கையில்லை. மூச்சு இழுப்பில் உடம்பே அசைந்துகொண்டிருந்தது.

முத்து நுரையீரலுக்குள்ளும் போட்டுவிட்டது என்றார்கள். அந்த நோய் உள்ள உடம்பில் இது ஒரு கொள்ளை என்றும், முத்து கண்ட முதல் நாளே கொண்டுவந்திருந்தால் கொடுப்பதற்கு மாத்திரை இருக்கிறது என்றும் டொக்டர் சிங்களத்தில் சொன்னார். றஸ்மியா தமிழில் சொல்ல வாயெடுத்தாள். "வெளங்குது மிஸ்" என்றார் வீரசிங்கம். மறுநாள் மத்தியானம் பாலாமணி செத்துப்போனாள்.

வார்டில் வைத்துத்தான் கிருஷ்ணம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. நோயாளித் துண்டுச் சீட்டில் எழுதியிருந்ததை ஒரு தாதி இன்னொரு தாதிக்கு வாசித்தாள், அவ்வளவுதான். அடக்கம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகு, கிருஷ்ணம்மா குசினி வாசலில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஏங்க, என்கிட்டச் சொன்னா என்ன பண்ணியிருப்பேன்? தொரத்திருப்பேனா?"

அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் பயந்திருப்பேன். இல்லேன்னு சொல்லல. தட்டு, கோப்பையத் தனியா வச்சிருப்பேன். ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்திருப்பேன். அப்புறம் நம்ம புள்ளதானேன்னு பாத்திருக்க மாட்டேனா? காச மாத்திரைன்னு சொல்லித்தானே ஒம்பது நாள் போனாப் போகுதுன்னேன். உசுரு மாத்திரைன்னு தெரிஞ்சிருந்தா, ஆத்தா கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு நானே ஊட்டியிருப்பேனே. என் கையாலேயே அவளச் சாகடிக்க வச்சிட்டீங்களேங்க."

நாவுலைக்காரர்கள் கேதத்துக்கு வந்தார்கள். அம்மா எடுத்துக்கொண்ட சாவு, புண்ணியச் சாவு என்றார்கள். பெண்ணையும் அப்படியே பார்த்துவிட்டுப் போய், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார்கள். வீரசிங்கம் எதைக் காப்பாற்ற நினைத்தாரோ அது ஒரு கீறல் இல்லாமல் காப்பாற்றப்பட்டது. அந்தச் சேதி வந்த அன்று அவர் கராம்புச் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார்.

பதினாறு கழிந்ததும் கிருஷ்ணம்மா மாத்திரைப் போத்தலை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இத வீட்டுல வச்சி என்ன செய்ய? கொண்டுபோயி அந்தப் புள்ளகிட்டக் குடுங்க. குடுத்துட்டு உள்ளதச் சொல்லுங்க. ஒளிச்சது போதும்."

கிளினிக் நாள். அதே சின்ன அறை. வெளியே வாங்கில் ஏழெட்டுப் பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். றஸ்மியா அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள், முகம் வாடியிருந்தது. போத்தலை வாங்கினாள். பழக்கதோஷம், தட்டில் கொட்டி எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடித்துக் கொப்பியைப் பார்த்தாள். மறுபடியும் எண்ணினாள்.

"அண்ணன், ஒம்பது மாத்திரை கூட இரிக்கி."

"ஆமா மிஸ்."

"சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்... நாலு நாளும் ரிங் வந்திச்சே. நான் சரி போட்டிருக்கேனே."

"நான்தான் குடுத்தேன் மிஸ். சனிக்கிழமையே அம்மா போட்டிருச்சி. நேத்துன்னு சொன்னது பொய். சனி காலைலருந்து புதன் காலை வரைக்கும் மாத்திரை குடுக்கல. நீங்க லயத்துக்கு வந்திருவீங்கன்னு பயந்து ஒரு ரிங் குடுத்தேன்."

றஸ்மியா அவரைத் திட்டுவாள் என்று நினைத்துப் பஸ் முழுக்க அதற்கான மனதோடுதான் வந்திருந்தார். அவள் திட்டவில்லை. கொப்பியின் அந்த நாலு சரிகளின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நானாவது ஒருக்கா கோல் எடுத்துக் கேட்டிரிக்கணும்" என்றாள் கடைசியில். "ரிங் வந்தாப் போதும்னு நானும் இரிந்திட்டேன். உங்கள மட்டும் என்னன்டு குத்தம் செல்ற?"

அந்த இரக்கம் வீரசிங்கத்தை உடைத்துவிட்டது. நெஞ்சில் கிடந்த பாரத்தில் பாதி இறங்கியது போலிருந்தது. மீதியையும் இறக்கிவிட வேண்டும் என்று ஒரு வெறி. பிறந்ததிலிருந்து முழு உண்மை ஒன்றைக்கூட யாரிடமும் சொல்லிப் பழகாதவர், அன்றைக்கு எதையும் மிச்சம் வைக்கக்கூடாது என்று தீர்மானித்துவிட்டார்.

"இன்னொன்னும் இருக்கு மிஸ். அதையும் சொல்லிர்றேன்."

"செல்லுங்க."

"ரெண்டு ரிங் குடுண்ணேன்னு அவ மொத நாளே சொன்னா. நான் குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன். நாலு நாளும் உங்களப் பாத்துக்கிட்டே கெடந்தா மிஸ். மிஸ்சு வந்தா வாசல்ல நிப்பாட்டாதீங்கன்னு அவ மதினிகிட்டச் சொன்னா. நீங்க வரல. அப்புறம் செவ்வாக்கெழம, அவங்களுக்கும் அருவருப்பு வந்திருச்சி, அதான் வரலன்னு சொன்னா. அப்பவும் நான் உள்ளதச் சொல்லல. அத நெனச்சிக்கிட்டேதான் மிஸ் போய்ட்டா."

றஸ்மியா தலையைத் தூக்கவில்லை. தட்டிலிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் போத்தலுக்குள் போட்டாள். மூடியைத் திருகினாள். திருகிய மூடியிலிருந்து கையை எடுக்காமலே, மிகவும் மெதுவான குரலில் சொன்னாள்:

"அத மட்டும் எனக்கிட்டச் செல்லாம இரிந்திரிக்கலாமே, அண்ணன்."

வீரசிங்கம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, கதவை மெல்லச் சாத்தினார். வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆளைக் கூப்பிடும் சத்தம் உள்ளேயிருந்து வெகுநேரம் வரவில்லை.